வெர்திக்கியோவை மீனோடு மட்டும் நிறுத்திவிடலாமா?

எசினோக்கரை:
வணக்கம். இத்தாலியில் அங்கோனாவில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் எங்களிடம் ஒரு குடும்ப விருந்து நடக்கிறது. முதல் தட்டிலிருந்து பாலாடைக்கட்டி வரை வெர்திக்கியோ ஒயின் மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய தாத்தா குப்ராமொந்தானாவில் இந்தத் திராட்சையை வளர்த்தவராம்.

சமையல் வரிசை முடிவாகிவிட்டது. முதலில் இறைச்சி அடைத்துப் பொரித்த அஸ்கொலி ஆலிவ், அப்புறம் போர்த்தோனோவோ சிப்பி, பிறகு அங்கோனா முறையில் ப்ரொதெத்தோ என்னும் மீன் குழம்பு, அதற்குப் பிறகு காட்டுச் சோம்பு அடைத்துச் சுட்ட முயல், கடைசியில் உர்பினோ கஷ்யோத்தா பாலாடைக்கட்டி. மீன் வரைக்கும் கவலையில்லை. முயலுக்கும் இதையே ஊற்றலாமா என்று கேட்டால் எங்கள் சமையலறையே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இங்கே வருகிறவர்களில் பலர் வெர்திக்கியோ என்றாலே மீனுக்கு ஊற்றும் இளசான வெள்ளை ஒயின் என்றுதான் நினைக்கிறார்கள். அப்படி ஒதுக்கிவைப்பது அநியாயம் என்பது என் கட்சி. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நவரை:
தம்பி, மீன் பக்கத்திலிருந்து நான் தொடங்குகிறேன். அங்கோனா இருக்கும் மார்க்கே மாநிலம் முழுக்க அட்ரியாட்டிக் கடலை ஒட்டியே நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் கொடித்தோட்டத்துக்கும் இடையே அதிக தூரமில்லை. அதனால்தான் மீனும் இந்த ஒயினும் அங்கே இவ்வளவு ஒட்டிக்கொண்டன.

வெர்திக்கியோவின் முதல் குணம் புளிப்பு. பழம் நன்றாகப் பழுத்து, சர்க்கரை ஏறி, ஒயினில் சாராயச் சத்து பதின்மூன்று சதவீதத்தைத் தாண்டிய பிறகும் அந்தப் புளிப்பு இறங்குவதில்லை. வெயில் அதிகமான ஊர்களின் வெள்ளைத் திராட்சைகளில் பலவற்றுக்கு இது வாய்க்காது. இரண்டாவது, விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கம் தங்கும் மெல்லிய பாதாம் கசப்பு. மூன்றாவது, ஒரு உப்புச் சுவை. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், சோம்பு, வைக்கோல் என்று மணங்களை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். சாப்பாட்டோடு வேலை செய்வது இவைதான்.

போர்த்தோனோவோ சிப்பியை மோஷ்யோலி என்கிறார்கள். கோனெரோ மலை கடலில் இறங்கும் இடத்தில் பாறையில் தானாக ஒட்டி வளரும் சிப்பி அது. வளர்ப்புச் சிப்பி இல்லை. 'ஸ்லோ ஃபுட்' அமைப்பு பாதுகாக்க வேண்டிய உணவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. சட்டியில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், பூண்டு, மூடி போட்டால் ஓடு திறந்து அதன் சொந்த நீரே குழம்பாகிவிடும். அதற்கு விலையுயர்ந்த சீசாவைத் திறக்காதீர்கள். போன வருட அறுவடையில் வந்த சாதாரண யேசி ஊர்ப் பக்கத்து வெர்திக்கியோ போதும். சிப்பியின் உப்பும் ஒயினின் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

மலைப்பக்கம்:
யேசி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டீர்களே அக்கா. வெர்திக்கியோவுக்கு இரண்டு வீடுகள் உண்டு. நான் அறுவடைக் காலத்தில் மத்தேலிக்காவில் வேலை செய்கிறவன், அதனால் இந்தப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மார்க்கேயின் ஆறுகள் பெரும்பாலும் அப்பெனைன் மலையில் பிறந்து நேராகக் கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன. அதனால் பள்ளத்தாக்குகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். யேசியைச் சுற்றியுள்ள குன்றுகள் அப்படித்தான், எசினோ ஆற்றின் இரண்டு கரையிலும் கடல் காற்று தாராளமாக வரும். அதே எசினோவின் மேல்பகுதியில் மத்தேலிக்கா இருக்கிறது. அங்கே பள்ளத்தாக்கு வடக்குத் தெற்காக, கடற்கரைக்கு இணையாகக் கிடக்கிறது. நடுவில் சான் விச்சினோ மலை, 1,479 மீட்டர், சுவர் மாதிரி கடல் காற்றைத் தடுத்துவிடுகிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர். கோடையில்கூடச் சாயங்காலம் ஆனதும் தோட்டத்தில் மேல்சட்டை தேடுவோம். இந்தக் குளிர்தான் பழத்தில் புளிப்பைக் காப்பாற்றுகிறது. அறுவடையும் யேசியைவிடத் தாமதம்.

அதனால் யேசி வெர்திக்கியோ கொஞ்சம் அகலமாக, பழமாக, மென்மையாக இருக்கும். மத்தேலிக்கா இறுக்கமாக, நேராக, கூராக வரும். இடமும் சின்னது, 300 ஹெக்டேர் அளவில்தான் கொடி. யேசி அதைப்போலப் பல மடங்கு. அதனால் வெளியூர்க் கடைகளில் மத்தேலிக்கா சுலபமாகக் கிடைக்காது. இத்தனைக்கும் அரசு அங்கீகாரம் முதலில் கிடைத்தது மத்தேலிக்காவுக்குத்தான், 1967இல். யேசிக்கு 1968.

முயலுக்கு என்னிடம் கேட்டால் யோசிக்காமல் மத்தேலிக்கா ரிசெர்வா, அதாவது கூடுதல் காலம் வைத்திருந்து வெளியே விடும் ஒயின், என்பேன்.

புதுக்கோப்பை:
ஒரு சின்னச் சந்தேகம். நவரை அக்கா சொன்ன அந்தக் கசப்பு, ஒயின் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லையா? போன வாரம் ஒரு வெர்திக்கியோ வாங்கினேன். கடைசி மடக்கில் கசந்ததும் மீதியைச் சமையலுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

பீப்பாய்:
இல்லை நண்பரே, அது திராட்சையின் இயல்பு. பழத் தோலில் இருக்கும் ஃபீனால் சேர்மங்களிலிருந்து வருகிறது. அளவோடு இருந்தால் அதுதான் வெர்திக்கியோவின் கையெழுத்து. தோலை அதிகம் அழுத்திப் பிழிந்தால் கசப்பு முரட்டுத்தனமாகிவிடும், அப்போது தவறு செய்தவர் தயாரித்தவர். ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை தனியாகக் குடிக்காமல், எண்ணெயில் பொரித்த ஏதாவது ஒன்றோடு குடித்துப் பாருங்கள். அந்தக் கசப்பு எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து எடுத்துவிடும்.

இதற்கு அஸ்கொலி ஆலிவைவிட நல்ல சோதனை கிடையாது. அஸ்கொலி பிச்சேனோ பகுதியில் விளையும் பெரிய, பச்சை, சதைப்பற்றுள்ள ஆலிவ் அது. கத்தியைக் கொட்டையைச் சுற்றிச் சுருளாக ஓட்டி, கொட்டையை மட்டும் எடுத்துவிட்டு, சதையை ஒரே நாடாவாக வைத்துக்கொள்வார்கள். மாடு, பன்றி, கோழி இறைச்சியை வேகவைத்து அரைத்து, பாலாடைக்கட்டியும் ஜாதிக்காயும் சேர்த்த உருண்டையை அந்த நாடா சுற்றிக்கொள்ளும். அப்புறம் மாவு, முட்டை, ரொட்டித்தூள், கொதிக்கும் எண்ணெய். கடிக்கும்போது ஆலிவின் உப்பு, இறைச்சியின் கொழுப்பு, எண்ணெய் எல்லாம் ஒரே வாயில். இதில் இறைச்சி இருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வெர்திக்கியோ மீனுக்கு மட்டும் என்கிறவர்களும் இந்த ஆலிவுக்கு வெர்திக்கியோதான் கேட்கிறார்கள்.

எசினோக்கரை, ஆலிவுக்கு நுரை ஒயின் ஊற்றலாம். யேசி எல்லைக்குள் வெர்திக்கியோவில் நுரை ஒயினும் செய்கிறார்கள். புளிப்பு அதிகமுள்ள திராட்சை என்பதால் அதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. திராட்சை மாறவில்லை, நிபந்தனையும் மீறப்படவில்லை.

நவரை:
ஆலிவுக்கு நுரை ஒயின் என்பது அருமையான யோசனை. ஆனால் முயல் விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை.

சுட்ட முயலுக்கு அதே ஊர் சிவப்பு இருக்கிறதே. கோனெரோ மலையடிவாரத்திலேயே மொந்தேபுல்ச்சியானோ திராட்சையில் ரொஸ்ஸோ கோனெரோ செய்கிறார்கள். அங்கோனாவில் வீடுகளில் முயலுக்கு அதை ஊற்றுகிறவர்கள் ஏராளம். விருந்தில் மீன் முடிந்து இறைச்சி வரும்போது சாப்பிடுகிறவருக்கும் ஒரு மாற்றம் வேண்டும். எல்லாத் தட்டுக்கும் ஒரே திராட்சை என்றால் நாக்கு சலித்துப்போகும் என்பதுதான் என் பயம்.

எசினோக்கரை:
அக்கா, முயலை எப்படிச் செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

முயலின் எலும்பை முழுக்க எடுத்து, விரித்துப் போடுவோம். காட்டுச் சோம்புத் தழையைப் பூண்டோடு கொதிக்கும் நீரில் வெந்தெடுத்து நறுக்கி, முயலின் ஈரலையும் பன்றிக் கொழுப்பையும் சேர்த்து வதக்கி, அதை உள்ளே பரப்பிச் சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டுவோம். அடுப்பில் வேகும்போது மேலே ஊற்றுவதே வெள்ளை ஒயின்தான். இறக்கியதும் நூலை வெட்டி வட்டம் வட்டமாக அரிந்தால், நடுவில் பச்சைச் சோம்பு, சுற்றிலும் வெளிர் நிற இறைச்சி. தட்டில் முதலில் எழும்பும் வாசனை சோம்பு.

முயல் கறி வெள்ளை, கொழுப்பு குறைவு. அந்த உணவின் கனம் உள்ளே இருக்கும் ஈரலிலும் பன்றிக் கொழுப்பிலும்தான் இருக்கிறது. வெர்திக்கியோவிலேயே ஒரு சோம்பு வாசனை உண்டென்று நீங்களே சொன்னீர்கள். தட்டும் கோப்பையும் ஒரே வாசனையில் பேசும்போது சிவப்பின் துவர்ப்பு அங்கே குறுக்கே வருகிறது என்பது என் எண்ணம்.

பீப்பாய்:
நான் எசினோக்கரையின் பக்கம். மீனா இறைச்சியா என்று பிரிப்பதைவிட எப்படிச் சமைத்தார்கள், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு புளி என்று பார்த்தால் இந்த வழக்கு சுலபமாகத் தீரும்.

சிவப்பு ஒயின் மீனோடு சேராததற்கு ஒரு காரணம் அதில் கரைந்திருக்கும் இரும்பு. அது கடல் உணவின் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் ஒரு உலோக வாடை கிளம்பும். ஆனால் இதைத் திருப்பிப்போட்டு, வெள்ளை ஒயின் இறைச்சியோடு சேராது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. வெள்ளைக்கு உடம்பு போதுமா என்பது மட்டும்தான் கேள்வி. இளசான யேசிக்கு அந்த உடம்பு கிடையாது. நாலைந்து வருடம் இருந்த ரிசெர்வாவுக்கு நிச்சயம் உண்டு.

ரிசெர்வா என்று சீட்டில் போட வேண்டுமென்றால் குறைந்தது 18 மாதம் வைத்திருந்துதான் வெளியே விட வேண்டும். 2010 முதல் யேசி, மத்தேலிக்கா இரண்டின் ரிசெர்வாக்களும் இத்தாலியின் மிக உயர்ந்த தரவரிசையான டிஓசிஜியில் இருக்கின்றன. வயதாக ஆக எலுமிச்சை பின்வாங்கி, தேன், ஹேசல்நட், காய்ந்த சாமந்தி, தீக்கல் உரசிய வாடை எல்லாம் வரும். நிறம் வைக்கோலிலிருந்து பொன்னாகும். புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். அதுதான் மற்றதையெல்லாம் தாங்கிப் பிடிக்கிறது.

இதற்கு மரப் பீப்பாய் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். கரோஃபோலி நிறுவனத்தின் 'போதியும்' மரத்தையே பார்க்காத ஒயின், எஃகுத் தொட்டிதான். புச்சி நிறுவனத்தின் 'வில்லா புச்சி' ரிசெர்வா பெரிய, பழைய ஸ்லாவோனிய ஓக் பீப்பாயில் இருந்து வருகிறது. பீப்பாய் பழசாகவும் பெரிதாகவும் இருப்பதால் மர வாசனை ஏறாது, காற்று மட்டும் மெதுவாகப் பழகும். இரண்டுமே பத்து வருடம் சாதாரணமாக நிற்கும். புதிய சின்னப் பீப்பாயில் போட்டு வனிலா வாசனை ஏற்றிய வெர்திக்கியோவையும் குடித்திருக்கிறேன். அதில் திராட்சை தொலைந்துபோயிருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை.

பழையசீசா:
இந்தத் திராட்சையை மீன் ஒயின் என்று ஒதுக்கியதில் சீசாவுக்கும் பங்கு உண்டு. யாரும் அதைச் சொல்லாததால் எழுதுகிறேன்.

1953இல் ஃபாட்சி பத்தாலியா நிறுவனம் தன் வெர்திக்கியோவுக்குப் புதிய சீசா வேண்டுமென்று ஒரு போட்டி வைத்தது. மிலான் கட்டடக் கலைஞர் அந்தோனியோ மயோக்கி, பழங்காலச் சாடி வடிவத்தில், இடுப்பு ஒடுங்கிய பச்சைச் சீசா ஒன்றை வரைந்து கொடுத்தார். கழுத்தில் ஒரு சின்னச் சுருள் காகிதமும் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தச் சீசா உலகம் முழுக்கப் போனது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இத்தாலிய உணவகம் என்றால் மேசையில் அது இருக்கும். மார்க்கே என்ற மாநிலத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தச் சீசா தெரிந்திருந்தது.

அது செய்த நன்மை பெரியது. ஆனால் தேவை ஏற ஏற, மற்றவர்களும் அதே வடிவத்தில் மலிவான ஒயினை அடைத்து விற்றார்கள். ஒரு ஹெக்டேரில் எவ்வளவு காய்க்க முடியுமோ அவ்வளவு காய்க்கவிட்ட திராட்சை, தண்ணீர் போன்ற ஒயின். எழுபது எண்பதுகளில் வெர்திக்கியோவைப் பற்றி மக்கள் மனதில் பதிந்தது அந்த ருசிதான். பின்னால் தரத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் பலரும் சாதாரண நேர் சீசாவுக்கு மாறியது இதனால்தான். குப்ராமொந்தானாவில் ஒயின் சீட்டுகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. போகிறவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள், பழைய சீட்டுகள் அப்போது வேறு மாதிரி பேசும்.

புதுக்கோப்பை:
பீப்பாய் அண்ணா, நன்றி. கணவாய் வளையம் பொரித்து அந்த மீதி ஒயினோடு சாப்பிட்டேன். அதே சீசாதானா என்று இருந்தது. இன்னொரு கேள்வி. கார்தா ஏரிப் பக்கம் போயிருந்தபோது லுகானா என்று ஒரு வெள்ளை ஒயின் குடித்தேன், ஏறத்தாழ இதே ருசி. ஏதாவது உறவு உண்டா?

மலைப்பக்கம்:
நாக்கு நன்றாக வேலை செய்கிறது தம்பி. லுகானா செய்யும் துர்பியானா திராட்சையும், வெரோனா பக்கத்து ட்ரெபியானோ தி சோவாவேயும், எங்கள் வெர்திக்கியோவும் மரபணுச் சோதனையில் ஒன்றென்றே தெரியவந்தது. நூற்றாண்டுகளாக வேறு வேறு மண்ணில் வளர்ந்ததால் இலையிலும் கொத்திலும் கொஞ்சம் வித்தியாசம் காட்டும். வெனேத்தோ பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் இந்தக் கொடியை மார்க்கேக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். லுகானா ஏரிக்கரைக் களிமண்ணில் வளர்வதால் உருண்டையாக இருக்கும். ஏரி மீனுக்கு அது, கடல் மீனுக்கு இது.

நவரை:
சரி, முயலில் நான் பாதி தூரம் இறங்கி வருகிறேன். ஈரலும் சோம்பும் உள்ளே இருக்கிறது என்றால் வயதான ரிசெர்வா நிற்கும். வெறுமனே கரியில் சுட்ட முயல் என்றால் இன்னும் எனக்கு ரொஸ்ஸோ கோனெரோதான்.

ஆனால் உங்கள் வரிசையில் எனக்கு முயலைவிடப் பெரிய கவலை ப்ரொதெத்தோ. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மார்க்கே கரையில் ப்ரொதெத்தோ ஊருக்கு ஊர் மாறும். அங்கோனாவில் 13 வகை மீன் வேண்டும் என்பது மரபு. நவரை, நாக்கு மீன், சுறாத் துண்டு, கணவாய், இறால், சிப்பி என்று வலையில் வந்ததெல்லாம் போகும். தக்காளியும் வினிகரும் உண்டு. தெற்கே சான் பெனெதெத்தோ தெல் த்ரொந்தோவில் பச்சைத் தக்காளி, குடைமிளகாய், தாராளமாக வினிகர். போர்த்தோ ரெக்கனாத்தியில் தக்காளியே கிடையாது, காட்டுக் குங்குமப்பூ போட்டு மஞ்சளாகச் செய்வார்கள். ஃபானோவில் இன்னொரு கதை. நாலு ஊருக்கும் நாலு பிடிவாதம்.

இதில் வினிகர்தான் ஒயினுக்கு எதிரி. தட்டில் இருக்கும் புளிப்பைவிடக் கோப்பையில் புளிப்பு குறைந்தால் ஒயின் செத்துப்போகும், வெந்நீர் குடித்த மாதிரி ஆகிவிடும். பல நல்ல வெள்ளை ஒயின்கள் அங்கோனா ப்ரொதெத்தோவிடம் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். வெர்திக்கியோ தோற்காது. ஆனால் எந்த வெர்திக்கியோ என்பதில் கவனம் வேண்டும். அகலமான, தேன் ஏறிய பழைய யேசியை அங்கே ஊற்றினால் அதுவும் தடுமாறும்.

மலைப்பக்கம்:
அக்கா, நீங்களே வழியைத் திறந்துவிட்டீர்கள். ப்ரொதெத்தோவுக்கு இளம் மத்தேலிக்கா. கொல்லெஸ்தெஃபனோ என்ற தயாரிப்பாளரின் ஒயின் மாதிரிக் கூரான ஒன்று. வினிகரை நேருக்கு நேர் சந்திக்கும். முயலுக்கு நான் முதலில் சொன்ன மத்தேலிக்கா ரிசெர்வாவை விட்டுக்கொடுக்கிறேன். அந்த இடத்துக்கு அகலமான யேசி ரிசெர்வா வரட்டும். சின்ன ஊர் முன்னால் போய்ப் பெரிய ஊர் பின்னால் வருவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

பீப்பாய்:
இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நாக்கு சலிக்கும் என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நுரை, இளம் யேசி, இளம் மத்தேலிக்கா, வயதான யேசி ரிசெர்வா: ஒரே திராட்சைதான், ஆனால் நாலும் நாலு ஒயின்.

எசினோக்கரை, உங்கள் பட்டியலில் ஸ்தொக்காஃபிஸ்ஸோ இல்லாதது எனக்கு வருத்தம். அங்கோனாவில் ஒரு விருந்து, அதில் அது இல்லையா?

எசினோக்கரை:
வைக்கத்தான் ஆசை அண்ணா, ஆனால் அது மற்ற எல்லாத் தட்டையும் தின்றுவிடும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நார்வேயிலிருந்து வரும், உப்பில்லாமல் குளிர் காற்றில் காயவைத்த காட் மீன் கருவாடு அது. மரக்கட்டை மாதிரி இருக்கும். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, சட்டியின் அடியில் நாணல் குச்சிகளைப் பரப்பி, அதன் மேல் மீன், தக்காளி, மூலிகை, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய உருளைக்கிழங்குத் துண்டுகள் அடுக்குவோம். எண்ணெய் ஊற்றும்போது புதிதாக வேலைக்கு வந்தவர்கள் போதும் போதும் என்று கையைப் பிடிப்பார்கள், அவ்வளவு எண்ணெய். வெர்திக்கியோவும் சட்டிக்குள்ளேயே போகும். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைத்தான் அசைக்க வேண்டும். குச்சிகள் இருப்பதால் அடிப்பிடிக்காது. இறக்கிய பிறகும் சில மணி நேரம் அப்படியே விட்டால்தான் எண்ணெயும் மீன் பசையும் கலந்து குழம்பு திரளும். அதைச் சாப்பிட்டுவிட்டு முயல் சாப்பிட யாராலும் முடியாது. குளிர்காலத்தில் தனியாக ஒரு நாள் வைக்கிறேன், அன்றைக்கு வில்லா புச்சிதான்.

விருந்துக்கு இப்போது முடிவு செய்தது: ஆலிவுக்கு யேசி நுரை. சிப்பிக்கு இளம் யேசி கிளாசிக்கோ, அதாவது யேசியின் பழைய மையப் பகுதியில் விளைந்தது. ப்ரொதெத்தோவுக்கு இளம் மத்தேலிக்கா. முயலுக்கும் அதன் பிறகு கஷ்யோத்தாவுக்கும் யேசி ரிசெர்வா. கஷ்யோத்தா பெரும்பாலும் செம்மறி ஆட்டுப் பால், கொஞ்சம் மாட்டுப் பால், இளசாக மிருதுவாக இருக்கும் என்பதால் ரிசெர்வா அதை அமுக்கிவிடுமோ என்று ஒரு சின்னத் தயக்கம் மட்டும் இருக்கிறது.

நவரை:
அமுக்காது, கொஞ்சம் வயதான கஷ்யோத்தாவாகக் கேட்டு வாங்குங்கள். ரிசெர்வாவைப் பனிக்கட்டியில் புதைத்துவிடாதீர்கள். பல உணவகங்களில் நடப்பது இதுதான். இளசு பத்து டிகிரியில் இருக்கட்டும், ரிசெர்வா பன்னிரண்டு பதின்மூன்றில். அதற்குக் கீழே போனால் தேன் வாசனை மூடிக்கொள்ளும், புளிப்பும் கசப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். முயலை அரியத் தொடங்கும்போதே சீசாவைத் திறந்து, பெரிய கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் முயல் பற்றி என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுத வேண்டும்.

எசினோக்கரை:
கண்டிப்பாக எழுதுகிறேன் அக்கா. சோம்புத் தழைக்குச் சொல்லிவிட்டேன். சீசாக்களுக்கு நாளை மத்தேலிக்கா போகிறேன், மலைப்பக்கம் அண்ணா அங்கே இருந்தால் தகவல் சொல்லுங்கள்.

மலைப்பக்கம்:
இருக்கிறேன் தம்பி. மதியத்துக்கு மேல் வாருங்கள், காலையில் தோட்டத்தில் இருப்பேன்.